சங்கிலிபூதத்தானின் குரல் இருந்த பெட்டி

சரஸ்வதி பூசை அன்று காலையில் நான் போனபோது சங்கிலிபூதத்தானின் கைகள் கம்ப்யூட்டரின் கீபோர்டில் இருந்தன. தட்டச்சு செய்யவில்லை, துப்புரவு செய்துகொண்டிருந்தார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரஷ், புதியது, அதை எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் விட்டுத் தள்ளினார். பிறகு கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினார். வெள்ளையாகக் கொட்டியது. உளுந்து மாவு. அவர் மனைவி முப்பிடாதி அப்பளம் இடுகிறவள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளில் அதுதான் வேலை. மாவு பறக்காத வீடு குறைவு. ஆனால் மாவு பறக்கிற அறையிலேயே கம்ப்யூட்டரும் வைத்திருந்த வீடு அது ஒன்றுதான்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடுக்கை வாயால் ஊதியிருப்பார்கள். பூதத்தானால் ஊத முடியாது. தொண்டையில் வந்த புற்றுக்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்தின் அடியில் இருக்கும் துளை வழியாகப் போய் வருகிறது. ஊத வேண்டிய இடம் வந்தால் கையைத் தட்டுவார். முப்பிடாதி வந்து ஊதிவிட்டுப் போவாள்.

"அடுப்பையும் நான்தான் ஊதணும், இவுக பெட்டியையும் நான்தான் ஊதணும். என் மூச்சு என்னைக்குத்தான் எனக்கு மிஞ்சப் போவுதோ" என்று அன்றும் சொல்லிவிட்டு ஊதினாள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்த தெருவில் இருக்கிறேன். பூதத்தானின் கழுத்துக் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவதற்காக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். மூக்கு வடிகட்டாத மூச்சு அவருடையது. தூசி நேரே நெஞ்சுக்குள் போகும். தூசி வேலை செய்யும்போது கழுத்தில் ஈரத் துணி கட்டச் சொல்லியிருந்தேன். கட்டியிருந்தார். அந்த ஒழுங்கு அவரிடம் உண்டு.

அவருடைய அப்பா வயல் கூலி. பூதத்தான் பள்ளிக்கூடத்தை விட்டதும் தளவாய் என்பவரின் மைக் செட்டில் சேர்ந்தார். பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது வேலை. ஒரு கோயில் கொடைவிழாவில், அறிவிப்புச் செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, மரத்திலிருந்து இறங்கியவரின் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் மரம் ஏறவில்லை. கோயில் கொடை, கல்யாணம், தேர்தல், துக்கச் செய்தி, காணாமல் போன பிள்ளை என்று ஆற்றின் இரண்டு கரையிலும் அவர் குரல்தான். கனமான, அவசரப்படாத குரல். நானே கேட்டிருக்கிறேன்.

பிறகு குரல் கம்மியது. எல்லாரும் பனங்கற்கண்டு தின்னச் சொன்னார்கள். டாக்டர் பார்த்து, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்று சொன்னார். அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் பூதத்தான் ஒரு காரியம் செய்தார். அம்பாசமுத்திரத்தில் மூடிக்கொண்டிருந்த ஒரு நெட் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, இனி தேவைப்படும் என்று தோன்றிய சொல்லை எல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிப் பதிந்தார். ஊர்ப் பெயர்கள், சாமி பெயர்கள், மாதம், கிழமை, மணி, 'இன்று மாலை', 'சப்பரம் புறப்படும்', 'பக்தகோடிகள்', 'எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு அருகில் வரவும்'. முன்பு கேசட்டில் இருந்த நல்ல குரலையும் அதில் ஏற்றினார்.

இப்போது அந்தச் சொற்களை வெட்டி ஒட்டித்தான் அறிவிப்புச் செய்கிறார். தளவாய் பேப்பரில் எழுதிக் கொடுப்பார். பூதத்தான் மவுஸைப் பிடித்து, சொல்லுக்குச் சொல் தேடி எடுத்து வரிசையாக அடுக்கி, நடுவில் மூச்சு விடுகிற இடைவெளியும் வைத்துக் கொடுப்பார். கேட்கிறவனுக்கு ஒட்டுத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்கு அவரால் பேச முடியாது என்பதே தெரியாது.

வீட்டுக்கு வேண்டிய சொல் எதையும் அவர் பதியவில்லை. 'பசிக்கிறது' இல்லை, 'தண்ணீர்' இல்லை. அதெல்லாம் சிலேட்டில் எழுதுவார். மனைவியின் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் முப்பிடாதி அம்மன் கொடைக்காகப் பதிந்தது. காப்பி வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து "அருள்மிகு முப்பிடாதி அம்மன்... எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு அருகில் வரவும்" என்று குரல் வரும்.

"பேச்சு இருந்த காலத்துல ஏ, இந்தான்னுதான் கூப்பிட்டாவ. இப்பத்தான் அருள்மிகு" என்பாள் அவள்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம், அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன என்று தெரிய வேண்டும் என்பதுதான். செய்து முடித்த அறிவிப்புகள் தளவாயிடம் உண்டு. சொற்கள் அவரிடம் இல்லை. சொற்கள் இருந்தது அந்த ஒரு டிஸ்கில் மட்டும். முன்பு சிடியில் போட்டு வைத்ததை மழைக்காலத்தில் பூஞ்சை தின்றுவிட்டது.

அன்று நான் குழாயைக் கழற்றிக் கழுவப் புறவாசலுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் முப்பிடாதி பூசைக்கான அலங்காரத்தை முடித்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டி பளபளவென்று இருந்தது. பக்கத்தில், பின்னால், மேலே எல்லாம் சந்தனம், குங்குமம். மேலே செவ்வந்தி மாலை. முன்னால் மைக், ஸ்குரூ டிரைவர், அவளுடைய அப்பளக் குழவி, பலகை. பொரி, கடலை, வாழைப்பழம்.

அந்த வீட்டில் சூடம் காட்டும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். மணி அடிக்கும் நேரத்தில் பூதத்தான் தன் குரலில் ஓர் அறிவிப்பை ஒலிக்க விடுவார். அது அவர்கள் வழக்கம். அன்றும் முப்பிடாதி சூடம் ஏற்றினாள், அவர் மவுஸை அழுத்தினார்.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களுக்கு ஒரு நற்செ..."

அத்தோடு நின்றது. திரை கறுத்தது. பூதத்தான் பட்டனை அழுத்தினார். உள்ளே டக், டக், டக் என்று ஒரு சத்தம். சற்று நேரம் ஓடி மறுபடி அணைந்தது. திரும்பவும் அழுத்தினார். அதே டக், டக். அணைந்தது.

பூதத்தானின் கழுத்துத் துளையிலிருந்து விசில் போலச் சத்தம் வந்தது. மூச்சு வேகமானால் அப்படி வரும். நான் முதலில் அவரை உட்கார வைத்தேன். சளியைத் துடைத்தேன். அவர் கை மீண்டும் பட்டனுக்குப் போனது. பிடித்து இழுத்து மடியில் வைத்தேன்.

அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் சரிசெய்கிற இசக்கிமுருகனை முப்பிடாதி போனில் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டக் டக்குன்னா ரெண்டுல ஒண்ணுக்கா. உள்ள காத்தாடி எதுலயாவது இடிக்கணும். இல்லேன்னா டிஸ்க்கு போவுது. டிஸ்க்குன்னா ஆன் பண்ணப் பண்ண கீறிக்கிட்டே போவும். அதனால பட்டனத் தொடாதிய."

"நீ ஒரு எட்டு வந்து பாரேம்லே."

"நான் நாங்குநேரில மாமியா வீட்டுல கிடக்கேன். சாமானெல்லாம் கடையில பூசையில இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும். அக்கா, தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"லேசாத் தொடச்சேன்."

"எதுல?"

"ஈரத் துணியிலதான். சாமிக்கு வைக்கிறத வறத் துணியிலயா தொடைப்பாவ?"

"பின்னால சல்லடையா ஓட்டை ஓட்டையா இருக்குமே, அங்கனயுமா?"

"அங்கனதான மாவு அப்பிக் கிடந்துச்சு."

இசக்கிமுருகன், வயரைப் பிடுங்கி வையுங்கள், நன்றாகக் காயட்டும் என்று சொன்னான். அவசரமென்றால் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன்.

பூதத்தான் அதற்குள் ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கை நீட்டினார். முப்பிடாதி குறுக்கே வந்து நின்றாள்.

"பூசையில வச்சாச்சு. நாளைக்கு மறுபூசை ஆவட்டும். அது வரைக்கும் ஆணியத் தொட்டாலும் குத்தம்."

அவர் சிலேட்டில் எழுதினார்: 'குத்தம் செஞ்சது யாரு?'

அவள் முகம் சுண்டிப் போயிற்று. நான் குறுக்கிட்டேன். எனக்குப் பூசை காரணமில்லை, ஈரம்தான் காரணம். ஈரம் பட்ட பொருளை அவசரப்பட்டுத் திறந்து மின்சாரம் கொடுப்பது வைத்தியம் இல்லை. "இவ சொல்லுறதும் இசக்கிமுருகன் சொல்லுறதும் ஒண்ணுதான். நாளைக்கு வரைக்கும் கிடக்கட்டும்" என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர அந்தப் பகல் நகரவில்லை. பூதத்தான் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேலை அந்தப் பெட்டியில். முப்பிடாதிக்கு வேலை குழவியில். இரண்டும் பூசையில் இருந்தன. இரண்டு பேரும் வெறும் கையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். சமைத்ததை யாரும் தொடவில்லை. வந்த ஈயை விரட்டவும் ஆள் இல்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டு, மனது கேட்காமல் சாயங்காலம் திரும்ப வந்தேன்.

தளவாயும் அப்போதுதான் வந்தார். மறுநாள் சாயங்காலம் முத்தாரம்மன் சப்பரம். அதற்கான அறிவிப்பு பாதி முடிந்த நிலையில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"ஏலே பூதத்தான், என்னலே இது, பொணத்துக்கு மால போட்டாப்புல பெட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்க?"

முப்பிடாதி விஷயத்தைச் சொன்னாள். தளவாய் சிரிப்பை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆவலேன்னா சொல்லிருலே. போன்ல ஒரு பொம்பள குரல் இருக்கு, எழுதிக் கொடுத்தா அதுவே வாசிக்கி. சப்பரத்த சாப்பாரம்ங்கும், பரவால்ல. ஒரு நாளைக்கு ஒப்பேத்திக்கிடலாம்."

உதவியாகத்தான் சொன்னார். ஆனால் பூதத்தானின் முகம் வேறு மாதிரி ஆயிற்று. அவர் சிலேட்டை எடுத்து எழுதி என்னிடம் காட்டினார், தளவாயிடம் காட்டவில்லை. 'இது போச்சுன்னா நான் ரெண்டாவது தடவ ஊமை.'

துணியால் துடைத்துச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "சாப்பிட்டாத்தான் சளி இளகும்" என்று சொல்லிக் கஞ்சியைக் கொடுத்தேன். குடித்தார். தளவாயிடம், காலையில் வரும்போது பென் டிரைவ் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் நான் குளித்துவிட்டு, டார்ச், காஸ் துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி, என் பழைய ஃபோர்செப்ஸ் இடுக்கி இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். முப்பிடாதி எனக்கு முன்பே மறுபூசையை முடித்திருந்தாள். மாலையை எடுத்தாள். பெட்டியைக் கும்பிட்டாள். ஸ்குரூ டிரைவரை அவளே எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

வயர் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தோம். மிச்ச மின்சாரம் போவதற்குப் பட்டனைச் சும்மா அழுத்திப் பிடித்தோம். பூதத்தான் கழுத்துக்கு ஈரத் துணி கட்டிக்கொண்டு பக்கத் தகட்டைக் கழற்றினார். நான் டார்ச் அடித்தேன்.

உள்ளே நடுவில் ஒரு காற்றாடி. அதன் அடியில் சூட்டை வாங்குகிற அலுமினியத் தகடுகள். தகடுகளின் இடுக்கு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. உளுந்து மாவு, ஈரம் குடித்து, இறுகி, அப்பளம் இடுவதற்குப் பிசைந்து வைத்த மாதிரி அடைத்துக்கிடந்தது. காற்றாடியின் ஓர் இறக்கையிலும் ஒரு உருண்டை ஒட்டியிருந்தது. பின்பக்கச் சல்லடையைச் சந்தனம் மூடியிருந்தது.

"ஐயோ, நான்தான் பெசஞ்சு வச்சிருக்கேன்" என்றாள் முப்பிடாதி.

பூதத்தான் இறக்கையை விரலால் மெல்லச் சுற்றினார். டக். உருண்டை பக்கத்துச் சட்டத்தில் இடித்தது. எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. ஆனால் இடித்தது இதுமட்டும்தானா, டிஸ்கும் போயிற்றா என்பது ஓடினால்தான் தெரியும்.

காய்ந்த மாவை ஃபோர்செப்ஸால் துண்டு துண்டாகப் பெயர்த்தேன். குத்தாமல், இழுக்காமல், காய்ந்த புண்ணின் பொருக்கை எடுக்கிற மாதிரி. பூதத்தான் பிரஷால் கூட்டினார். சந்தனத்தை வறத் துணியால் முப்பிடாதி துடைத்தாள், இந்த முறை வறத் துணி. இசக்கிமுருகன் சொன்னபடி மெமரி பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துடைத்துத் திரும்பச் சொருகினோம். டிஸ்குக்குப் போகிற வயரை அழுத்திவிட்டோம். திறந்த பெட்டிக்கு நேரே மேஜை ஃபேனை வைத்தோம். அதற்குள் தளவாய் வந்துவிட்டார்.

வயரைச் சொருகி, பூதத்தான் பட்டனை அழுத்தினார்.

பீப். பீப். பீப். திரை கறுப்பாகவே இருந்தது.

"போச்சுலே" என்றார் தளவாய்.

"வாயக் கழுவுங்க அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி.

பூதத்தானின் விசில் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அணைக்கச் சொன்னேன், வயரைப் பிடுங்கச் சொன்னேன். மெமரி பட்டை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் ஏறாமலும் இருந்தது தெரிந்தது. அவர் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். ஓரத்துக் கொக்கிகள் சடக்கென்று மூடின. திரும்பவும் பட்டன்.

காற்றாடி சுழன்றது. டக் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது. தேதி தவறு, சரிசெய்யவா என்று கேட்டது. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இசக்கிமுருகன் சொல்லியிருந்தான். வேண்டாம் என்று அழுத்திவிட்டு மேலே போனார்.

சொற்கள் இருந்த இடம் திறந்தது. வரிசையாக எல்லாம் இருந்தன. பூதத்தான் ஒன்றைக் கேட்டுப் பார்க்கக் கையை நகர்த்தினார். நான் விடவில்லை. "முதல்ல நகல். ஓடுத வரைக்கும் ஓடட்டும், அதுக்குள்ள எடுத்துரணும்" என்றேன். தளவாய் பென் டிரைவை நீட்டினார். அதில் இடம் இல்லை.

"என்ன வச்சிருக்கிய அண்ணாச்சி இதுல?" என்றாள் முப்பிடாதி.

"அம்மன் பாட்டு."

"அழிங்க."

"விசயதசமியும் அதுவுமா அம்மன் பாட்ட அழிக்கச் சொல்லுத!"

"அவ பாட்டு ஊரெல்லாம் கிடக்கு. இவுக குரல் வேற எங்கன கிடக்கு?" என்றாள் முப்பிடாதி. தளவாய் தானே மவுஸை வாங்கி அழித்தார்.

நகல் ஓடத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. முப்பிடாதி ஃபேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது ஓடிப்போய்விடும் என்பதுபோல. முக்கால் பங்கு தாண்டியதும் கோடு நின்றது. ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மீண்டும் முயன்றோம். முடியவில்லை. அதை விட்டுவிட்டு மேலே போகச் சொன்னேன். போனது. முடிந்தது. இரண்டாவது டிரைவிலும் எடுத்தோம். அங்கேயும் அதே ஒன்று வரவில்லை. டிஸ்கும் பழசுதான், ஓரிடத்தில் கெடத் தொடங்கியிருக்கிறது. இனி அதை நம்புவதற்கில்லை என்பது தெளிவாயிற்று.

வராத கோப்பின் பெயரைப் பூதத்தான் சிலேட்டில் எழுதினார்: 'ஆழ்வார்குறிச்சி.'

தளவாய் தலையில் கை வைத்தார். அன்று சாயங்காலம் சப்பரத்துக்கு வருகிற நையாண்டி மேளம் ஆழ்வார்குறிச்சிக்காரர்களுடையது. ஊர்ப் பெயர் சொல்லாமல் விட்டால் மேளக்காரர்கள் பந்தலிலேயே சண்டைக்கு வருவார்கள்.

பூதத்தான் கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னார். நகல் எடுத்த டிரைவைத் திறந்தார். 'ஆழ்வார்திருநகரி' என்ற சொல்லை எடுத்து, அலை அலையாகத் தெரிந்த கோட்டில் முன்பாதியை மட்டும் வெட்டினார். 'கல்லிடைக்குறிச்சி'யை எடுத்துப் பின்பாதியை வெட்டினார். இரண்டையும் ஒட்டினார். இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தார். கேட்டார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். பிறகு சத்தத்தை உயர்த்தினார்.

"ஆழ்வார்குறிச்சி" என்றது பெட்டி.

"நடுவுல எச்சி முழுங்கின மாதிரி இருக்கு" என்றாள் முப்பிடாதி.

"குழாய் ஸ்பீக்கர்ல தெரியாதுட்டீ" என்றார் தளவாய்.

அவர் ஒரு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றதை நான் மருந்துப் பைக்குள், காஸ் வைக்கிற டப்பாவில் போட்டு மூடினேன். பூதத்தானின் கழுத்துத் துணி மாவாக இருந்தது. அவிழ்த்து வேறு கட்டினேன். அவர் அறிவிப்பின் மீதிப் பாதியைச் செய்து முடிப்பதற்குள் முப்பிடாதி தன் குழவியையும் பலகையையும் உளுந்து மாவுத் தூக்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புறவாசல் தாழ்வாரத்தில் வைத்தாள்.